கை வைக்கத் தக்கதும் தகாததும்

நம் கிராமங்களில் ஒரு குடும்பத்தின் நிலையை அறிய வேண்டுமானால் முதலில் தொழுவத்தைப் பார்ப்பார்கள். உழவு மாடும் வண்டி மாடும் நன்றாயிருந்தால் அவ்வீட்டு வரவு செலவும் நன்றாயிருக்கும் என்று கொள்வது வழக்கம். மும்பைக்குக் குடியேறிய நமக்குத் தொழுவம் ஏது? தாராவிச் சந்துகளிலும், மாதுங்காவின் பழைய கட்டடங்களின் அடியிலும், செம்பூர்க் குடியிருப்புகளின் வாசலிலும், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு நிற்கும் மோட்டார் சைக்கிளே இன்று நம்மவர் பலருக்கு உழவு மாடாகவும் வண்டி மாடாகவும் இருந்து வருகிறது. விடியற்காலையில் இட்லிப் பாத்திரம் சுமப்பதும் அதுவே. பகலில் வீடு வீடாகப் பார்சல் கொண்டு போவதும் அதுவே. ஞாயிற்றுக்கிழமை மனைவி மக்களைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வதும் அதுவே.

இத்தகைய வண்டியைத் தம் தொழிலுக்கும் உடலுக்கும் ஏற்றவாறு சிறிது திருத்தி அமைத்துக்கொள்ள விரும்பாதவர் யார்? கடையில் கொடுத்தால் கூலி அதிகம். கையிலே சிறிது பொறுமையும், பையிலே சிறிது பணமும் இருந்தால் பல வேலைகளை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் எந்த வேலையைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற பாகுபாடு தெரியாமல் இறங்குவோர், மிச்சப்படுத்திய நூறு ரூபாய்க்காக ஓர் உயிரையே விலையாகக் கொடுக்க நேரிடுகிறது. அந்தப் பாகுபாட்டைப் பற்றியதே இக்கட்டுரை.

நாம் பொறியியல் படித்தவரல்லோம். மெட்ரிக் தேறி ரயில்வேயில் ஏடு எழுதும் குமாஸ்தா. ஆயினும் உதிரிப் பொருள்களின் பேரேட்டை எழுதி எழுதிப் பழகிய கைக்கு, எந்தப் பொருளை எந்தப் பக்கத்தில் பதிய வேண்டும் என்பது ஓரளவு தெரியும். அந்த ஏட்டறிவையே இங்கு நேயர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

கோயம்புத்தூர் காட்டிய வழி

வீட்டிலே வண்டியைப் பிரித்துப் பார்க்கும் ஆவல் நம்மவர்க்குப் புதியதன்று. கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடோ குதிரையோ இல்லாமல் ஓடும் அவ்வண்டி அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார், காசு சேர்த்தார், அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதை ஓட்டித் திரிவதோடு நிற்கவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று ஆராய்ந்து, மீண்டும் பூட்டினார். பள்ளிப் படிப்பு நிரம்பாத அவர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸுடன் தொடங்கிய தொழில் பெருகிப் பெரிய போக்குவரத்து நிறுவனமாயிற்று. 1974-இல் மறையும்வரை அவர் புதியன கண்டுபிடிப்பதை நிறுத்தவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நாயுடு அவர்கள் முதலிற் செய்தது மாற்றுவதன்று, அறிவது. உறுப்பின் வேலை இன்னதென்று தெரிந்த பிறகே அதன்மீது அரத்தை வைத்தல் வேண்டும். இன்று கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் ஹாக்சா பிளேடை எடுக்கும் நம் இளைஞர்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

உப்பு வெளியில் ஒரு முதியவர்

கடல் கடந்த நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நியூஸிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்னும் ஊரில் பர்ட் மன்ரோ என்பவர் வாழ்ந்தார். 1920-இல் இந்தியன் ஸ்கவுட் என்னும் மோட்டார் சைக்கிளை வாங்கினார். அது மணிக்குச் சுமார் 55 மைல் ஓடக் கூடியது. செல்வம் இல்லாத அவர், தம் கொட்டகையிலேயே பழைய தகர டப்பாக்களை அச்சாகக் கொண்டு பிஸ்டன்களை வார்த்தார். டிராக்டரின் பழைய அச்சு இரும்பை அராவிக் கனெக்டிங் ராடு செய்தார். நுண்ணளவு பார்க்கப் பழைய சக்கரக் கம்பி ஒன்றையே கருவியாகக் கொண்டார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வாறு உழைத்து, 1967-இல் தம் 68-ஆம் வயதில் அமெரிக்காவின் பானவில் உப்பு வெளியில் மணிக்கு 183 மைலுக்கு மேற்பட்ட வேகத்தை எட்டி, 1000 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளில் உலக சாதனை நிலைநாட்டினார்.

வியக்கத்தக்க மனிதர், ஐயமில்லை. ஆனால் அவர் ஓட்டிய இடம் மனித நடமாட்டம் இல்லாத உப்பு வெளி. தம் கையால் செய்த உறுப்பு உடைந்தால் ஆபத்து அவருக்கு மட்டுமே. தாராவி மெயின் ரோட்டிலோ, செம்பூர் நாகாவிலோ ஓர் உறுப்பு உடைந்தால் ஆபத்து யாருக்கு? பள்ளி செல்லும் குழந்தைக்கும், காய்கறி வாங்க வந்த மூதாட்டிக்கும் அன்றோ! ஆதலின் மன்ரோவின் உழைப்பையும் சிக்கனத்தையும் கற்றுக்கொள்வோம். அவருடைய துணிச்சலை உப்பு வெளியிலேயே விட்டுவிடுவோம்.

இரண்டு பட்டியல்கள்

ரயில்வேயில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. உதிரிப் பொருள்களில் சிலவற்றைப் 'பாதுகாப்புப் பொருள்' என்று தனியே குறித்துவிடுவார்கள். கதவுக் கைப்பிடி வேறு. பிரேக்கின் உறுப்பு வேறு. முன்னதில் குறை இருந்தால் பயணிக்குச் சிரமம். பின்னதில் குறை இருந்தால் விபத்து. இரண்டாம் வகைப் பொருளை, விலை குறைவென்று கண்ட இடத்தில் எவரும் வாங்க இயலாது. அங்கீகாரம் பெற்றவரிடமே வாங்க வேண்டும். சோதித்த பின்னரே பூட்ட வேண்டும்.

இவ்வழக்கத்தை நம் மோட்டார் சைக்கிளுக்கும் கொள்வோமாக. ஒரு தாளை எடுத்து நடுவிலே கோடு கிழியுங்கள். இடப் பக்கத்தில் எழுத வேண்டியவை: இருக்கை, சுமைதாங்கி, சாரி கார்டு, பக்கவாட்டு மூடிகள், கைப்பிடியின் ரப்பர் உறை, பை மாட்டும் கொக்கி, கைப்பேசித் தாங்கி, துரு நீக்கல், சாயம். இவை வீட்டிலே செய்யத் தக்கவை. வலப் பக்கத்தில் எழுத வேண்டியவை: பிரேக், சக்கரம், டயர், முன் ஃபோர்க், பின் ஸ்விங் ஆர்ம், சட்டம் என்னும் சேஸிஸ், ஹேண்டில் பாரின் தண்டு, பெட்ரோல் டாங்கி, சைலன்ஸர். இவற்றைத் துடைக்கலாம், எண்ணெயிடலாம், கையேட்டில் கூறியவாறு இறுக்கம் பார்க்கலாம். அறுக்கவோ, துளைக்கவோ, பற்றவைக்கவோ, அளவு மாற்றவோ கூடாது.

முற்காலத்து வண்டிக்கும் இக்காலத்து வண்டிக்கும் உள்ள வேற்றுமையையும் அறிதல் நன்று. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாகத் தொடங்கிய காலத்தில், நான்கு ஸ்பானரும் ஒரு திருப்புளியும் கொண்டு மரத்தடியிலேயே எஞ்சினைப் பிரிக்க முடிந்தது. இன்றோ நிலைமை வேறு. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைக் கட்டுப்பாடு வந்தது. அதன் பயனாகப் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் மறைந்து, மின்னணுக் கருவி எரிபொருளை அளந்து ஊற்றுகிறது. சைலன்ஸரிலும் உணர்கருவி பொருத்தப்பட்டுள்ளது. அங்கே நம் திருப்புளிக்கு வேலை இல்லை.

பொருள் எங்கே கிடைக்கும்?

சிறுதொகையில் வேலை செய்ய விரும்புவோர்க்கு மும்பையைப் போன்ற நகரம் வேறில்லை. நம் நாட்டில் காயலான் கடை என்பதை இங்கே பங்கார் என்பர். தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் நகரம் எறிந்த பொருள்களெல்லாம் வகை பிரிக்கப்பட்டு மறுபிறவி எடுப்பதை நேயர்கள் அறிவார்கள். குர்லாவின் சி.எஸ்.டி. ரோடு பழைய மோட்டார் உறுப்புகளுக்குப் பெயர் பெற்றது. மின் கம்பி, ஸ்விட்ச், ஃபியூஸ் முதலியவற்றிற்கு லேமிங்டன் ரோடு. தோலுக்கும் ரெக்சினுக்கும் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. தோல் தொழிலுக்கென்று நெல்லைச் சீமையிலிருந்து நம் முன்னோர் வந்து குடியேறிய தாராவியே போதும்.

பழைய இரும்பு என்று எதையும் இகழ்தல் வேண்டா. 1971-ஆம் ஆண்டுப் போரில் பங்கு கொண்ட விக்ராந்த் என்னும் விமானந் தாங்கிக் கப்பல், 2014-இல் ரே ரோடு நிலையத்திற்கு அண்மையிலுள்ள தாருகானாவில் உடைக்கப்பட்டது. அந்த இரும்பை வாங்கிய பஜாஜ் நிறுவனம் அதை உருக்கிச் சேர்த்து, 2016-இல் 'வி' என்னும் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. போர்க்கப்பலின் தகடு பெட்ரோல் டாங்கியாகித் தெருவில் ஓடிற்று!

ஆயினும் பழைய கடையில் வாங்குவோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, நமது வலப் பக்கப் பட்டியலிலுள்ள எதையும் அங்கே வாங்காதீர்கள். விபத்தில் சிக்கிய வண்டியின் ஃபோர்க்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கக் கூடும். சாயம் அதை மறைத்துவிடும். இரண்டாவது, ரசீது கேட்டு வாங்குங்கள். திருட்டு வண்டியின் உறுப்பு நம் வாசலுக்கு வந்தால் அதனோடு போலீஸாரும் வருவார்கள்.

சாரி கார்டு

வீட்டு வேலைகளில் முதலிடம் பெற வேண்டியது இதுவே. பின்னால் அமரும் பெண்டிரின் சேலையோ துப்பட்டாவோ பின்சக்கரத்தில் சிக்காமல் காக்கும் கம்பி வலையே சாரி கார்டு எனப்படுவது. பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும், பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் இருத்தல் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி கூறுகிறது.

அழகைக் கெடுக்கிறதென்று நம் பிள்ளைகள் முதலில் கழற்றி எறிவதும் இதையே. நம் குடியிருப்பில் அவ்வாறு கழற்றிய வண்டியொன்றில், தம்பியின் பின்னே அமர்ந்து சென்ற அக்காளின் முந்தானை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வேகம் குறைவாயிருந்தமையால் உயிர் தப்பியது. கை எலும்பு முறிந்து மூன்று மாதம் தையல் வேலைக்குப் போக முடியவில்லை. அவ்வீட்டில் அடுப்பெரித்தது அந்தத் தையற்கூலியே. கழற்றிய கம்பி வலை அத்தனை நாளும் பரணிலேயே கிடந்தது.

கழற்றிய வலை இருந்தால் துரு நீக்கிச் சாயம் பூசி மீண்டும் பூட்டுங்கள். தொலைந்துவிட்டால் புதிதாகச் செய்தல் கடினமன்று. முதலில் அட்டையில் வடிவம் வெட்டி வண்டியோடு வைத்துப் பாருங்கள். இருவர் அமர்ந்தால் சக்கரம் மேலே எழும். ஆதலின் இருவரை அமர்த்திய நிலையிலேயே இடைவெளியை அளக்க வேண்டும். விளிம்புக்கு 8 மில்லிமீட்டர்க் கம்பியும், நடுவே குறுக்குக் கம்பிகளுக்கு 6 மில்லிமீட்டரும் போதும். கட்டட வேலை செய்வோர்க்கெல்லாம் தெரிந்த வாய்பாடு ஒன்றுண்டு: கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் கொண்டு, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர்க் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 8 மில்லிமீட்டர் என்றால் 64-ஐ 162-ஆல் வகுக்கச் சுமார் 400 கிராம்; 6 மில்லிமீட்டர் என்றால் சுமார் 220 கிராம். பங்கார்க் கடையில் கிலோக் கணக்கில் விலை சொல்லும்போது நம் செலவை நாமே முன்கூட்டிக் கணக்கிட இது உதவும். வளைப்பதை வீட்டிலே செய்யலாம். பற்றவைப்பதை மட்டும் வெல்டிங் பட்டறையில் கொடுங்கள். உறுப்பைத் தனியே கொண்டு போங்கள். வண்டியில் பூட்டியபடியே பற்றவைத்தால் மின்னணுக் கருவிகள் கெட்டுவிடும்.

இருக்கையும் சுமைதாங்கியும்

நாள்தோறும் பத்து மணி நேரம் வண்டியில் அமர்ந்து பிழைப்பவர்க்கு இருக்கை கெட்டால் இடுப்பு கெடும். இருக்கையைக் கழற்றி, பழைய உறையின் ஊசிகளைத் திருப்புளியால் நெம்பி எடுங்கள். அமுங்கிப் போன ஸ்பாஞ்சின்மேல், மெத்தைக் கடைகளில் கிடைக்கும் அழுத்தமான துண்டு ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டலாம். உயரத்தை மிகவும் கூட்டிவிடாதீர்கள். சிக்னலில் நிற்கையில் இரு பாதங்களும் தரையில் பதிய வேண்டும். ஸ்பாஞ்சிற்கும் ரெக்சினுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளை விரிப்பது இன்றியமையாதது. இல்லையேல் மும்பையின் நான்கு மாத மழையில் தையல் வழியே நீர் இறங்கி, இருக்கை ஊறிக் கிடக்கும். ரெக்சினை அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் இளகும். முன்புறம், பின்புறம், பிறகு பக்கங்கள் என்ற வரிசையில் இழுத்து ஊசி அடித்தால் சுருக்கம் விழாது.

சுமைதாங்கிக்கு 25 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புப் பட்டை ஏற்றது. இதன் எடை மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. சுமைதாங்கியை, பின் கைப்பிடியைத் தாங்கும் போல்ட்டுத் துளைகளிலேயே பொருத்துங்கள். சேஸிஸில் புதிதாகத் துளையிடுவது எக்காரணத்தாலும் ஆகாது. சுமை தாழ்வாகவும், கூடிய வரையில் பின் அச்சுக்கு முன்பாகவும் அமைதல் வேண்டும். பின்னே நீண்டால் முன்சக்கரம் இலேசாகித் தரையைப் பற்றாது. அப்பொழுது ஹேண்டில் சொன்னபடி கேளாது. வண்டியின் கையேட்டில் குறித்த எடைக்கு மேல் ஏற்றுவதற்கு எந்தச் சுமைதாங்கியும் உரிமை தந்துவிடாது.

பூட்டும்போது நைலான் வளையம் உள்ள நட்டுகளையே பயன்படுத்துங்கள். அவை அதிர்வில் எளிதில் தளரா. இறுக்கிய பின் நட்டின்மீதும் போல்ட்டின்மீதும் ஒரே கோடாக வெள்ளைச் சாயம் இழுத்து வையுங்கள். பட்டறைகளில் கையாளும் வழக்கம் இது. கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்துவிட்டதென்று தொலைவிலிருந்தே தெரியும். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பின் ஒரு முறை எல்லாவற்றையும் சரி பாருங்கள்.

துருவும் மின்சாரமும்

கடற்காற்று வீசும் நகரத்தில் துருவே முதற் பகை. கம்பித் தூரிகையால் தேய்த்து, உப்புத்தாளை 80, 220, 400 என்ற எண் வரிசையில் ஓட்டி, ரெட் ஆக்சைடு பூச்சு ஒரு கை, சாயம் மெல்லிதாக இரண்டு கை பூசினால் உறுப்பு பல ஆண்டு நிற்கும். மழைக்காலத்தில் பூசாதீர்கள், ஈரம் உள்ளே சிக்கிச் சாயம் வெளுத்து உரியும். சங்கிலியைத் துடைக்கும்போது எஞ்சின் ஓடவே கூடாது. ஓடும் சங்கிலியில் துணியை வைத்து விரலை இழந்தவர் பலர். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால், சக்கரத்தைக் கையால் சுழற்றித் துடைத்து, பிறகு எண்ணெயிடுங்கள்.

பார்சல் வேலை பார்ப்போர்க்குக் கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்தால் அன்றைய கூலியும் தீர்ந்தது. வண்டியிலேயே மின்னேற்றி வைத்துக்கொள்ளலாம். கணக்கு எளிது: 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து அது ஏறத்தாழ 1 ஆம்பியர்தான் இழுக்கும். ஆதலின் பாட்டரிக்கு அருகிலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வைத்து, சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வருமாறு இணையுங்கள். ஃபியூஸ் இல்லாத கம்பி ஒன்று இரும்பில் உரசினால் பெட்ரோல் டாங்கியின் அடியிலேயே நெருப்பு பிறக்கும்.

சட்டமும் இரைச்சலும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறுமாறு கட்டமைப்பை மாற்றுவதே 'மாற்றம்' என்றும் அது விளக்குகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்திற்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வண்டியின் நிறமும் சான்றிதழில் உள்ளதாகையால், முழு வண்டியின் நிறத்தை மாற்ற விரும்புவோர் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டல் வேண்டும். மாற்றுத் திறனாளிகள் ஓட்டுவதற்கேற்ப வண்டியை அமைத்துக்கொள்ளச் சட்டமே இடந் தருகிறது. அதற்கும் அனுமதி பெற்றுச் செய்வதே முறை.

இனிச் சைலன்ஸரைப் பற்றி இளைஞர்களிடம் ஒரு சொல். உள்ளிருக்கும் தடுப்புத் தகடுகளை உடைத்துவிட்டால் வண்டிக்கு வலிமை கூடும் என்பது வெறுங் கற்பனை. எஞ்சினுக்கென்று அளந்து அமைத்த குழாயைக் கெடுத்தால் இரைச்சல்தான் கூடும். பல வேளைகளில் பெட்ரோலும் கூடச் செலவாகும். குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல், பகல் 55 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டின் இரைச்சல் விதி. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதை நினைவில் வையுங்கள். இரைச்சல், புகை விதிகளை மீறிய வண்டியை ஓட்டினால் முதற் குற்றத்திற்கே ரூ. 10,000 வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ நேரலாம்; ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் தடைப்படும்.

அபராதம் ஒரு புறமிருக்கட்டும். நம் சந்துகளில் இரு சுவர்களுக்கு இடையே ஆறடிகூட இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் வெடிச் சத்தத்தோடு வந்தால், விடியற்காலை நான்கு மணிக்கு மாவரைக்க எழ வேண்டிய தாயும், இருதய நோயால் படுத்திருக்கும் தாத்தாவும், தேர்வுக்குப் படித்து அப்பொழுதுதான் கண்ணயர்ந்த பிள்ளையும் ஒருங்கே விழித்துக்கொள்கிறார்கள். சோர் பஜார் என்ற பெயர் முதலில் இரைச்சலைக் குறிக்கும் 'ஷோர்' என்ற சொல்லிலிருந்து வந்ததென்று சொல்வாரும் உண்டு. இரைச்சல் சந்தையிலேயே இருக்கட்டும், வீடுகளுக்கிடையே வேண்டா.

ஒற்றை அறையில் எச்சரிக்கை

பத்தடிக்குப் பதினைந்தடி அறையில் வாழும் நமக்குத் தனிப் பட்டறை இல்லை. ஆதலின் சில விதிகள் கண்டிப்பாக வேண்டும். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று, அடுத்த வீட்டு அடுப்பையும் எட்டும். பெட்ரோல் டாங்கியையோ குழாயையோ வீட்டுக்குள்ளே கழற்றாதீர்கள். காலி டாங்கி என்று நம்பிப் பற்றவைக்கவும் முயலாதீர்கள். நிரம்பிய டாங்கியைவிட ஆவி நிறைந்த காலி டாங்கியே வெடிப்பதில் கொடியது. வேலையைப் பகல் வெளிச்சத்தில், வாசலில், குழந்தைகளை விலக்கி வைத்துச் செய்யுங்கள். அரைக்கும்போதும் துளைக்கும்போதும் கண்ணாடி அணியுங்கள். இரும்புத்தூள் கண்ணில் விழுந்தால் அதற்கு உதிரி உறுப்பு எந்த பஜாரிலும் கிடைக்காது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வேலைகளுக்கு வேண்டிய கருவிகளை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே வாங்குவது வீண் செலவு. ஸ்பானர் வரிசை ஒன்று, அரம் இரண்டு, ஹாக்சா, பிடிப்புக் கருவியான வைஸ், துளையிடும் யந்திரம், நட்டை அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்சு, பாதுகாப்புக் கண்ணாடி. இவ்வளவுதான் தேவை. இவற்றை ஒரு பெட்டியில் வைத்து, ஒரு பேரேடு போட்டு, உறுப்பினர்கள் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று திருப்பிக் கொடுக்கும்படி நம் சங்கம் ஏற்பாடு செய்யலாகாதா? பேரேடு எழுதும் பணியை நாம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வோம். மாதத்தில் ஒரு ஞாயிறன்று, தொழில் தெரிந்த பெரியவர் ஒருவர் நம் பிள்ளைகளுக்கு முன்பாக ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பூட்டிக் காட்டினால், கைப்பேசியில் நூறு காணொளி பார்ப்பதைவிட அது மேலானது. பெண் பிள்ளைகளும் அதில் கலந்துகொள்ள வேண்டும். வண்டி பழுதாகி வழியில் நிற்பது ஆண் பெண் பார்த்து நிகழ்வதில்லை.

பெட்டி வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இதழைப் படித்து முடித்ததும் வாசலுக்குச் சென்று உங்கள் வண்டியின் பின்சக்கரத்தைப் பாருங்கள். கம்பி வலை இருக்கிறதா? இருந்தால் அதன் நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா? இல்லையெனில் பரணில் தேடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குரிய முதல் வேலை அதுவே.